யாரையும் நம்பாத வீட்டுக் குழாய்

அக்கா ஆட்டோவில் ஏறினால் போகும் இடத்தைச் சொல்ல மாட்டாள். "நேரா போ" என்பாள். முக்கு வந்ததும் "வலது" என்பாள். எங்கே போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஓட்டுகிறவன் ஊரைச் சுற்றிக்கொண்டு போவான் என்பது அவள் கட்சி. ஒரு தடவை பாலக்காட்டு பஸ் பிடிக்க வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். தோப்பும்படிப் பாலம் தாண்டியும் எந்த இடம் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்துப் பயந்து, கடைசியில் "சேச்சிமாரே, போலீஸ் கேஸ் ஒந்நும் இல்லல்லோ?" என்று கேட்டேவிட்டார்.

மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அவள் அக்காதான். என் அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. மலையாளிகளுக்குச் சேச்சி. யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "என் பேரு உனக்கு எப்படித் தெரியும்?" என்று முறைப்பாள். அதனால் நானும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.

மீன்காரரிடம் மீனை வாங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவள் அல்ல அவள். அறுக்கிற கல் வரைக்கும் கூடவே போய், தான் வாங்கிய மீன்தான் அறுபடுகிறதா என்று குனிந்து பார்ப்பாள். மின்படகு ஓட ஆரம்பித்தபோது ஊரே ஏறிப் பார்த்தது. அக்கா ஏறவில்லை. "கரண்டும் தண்ணியும் ஒண்ணா இருந்து எங்கயாவது உருப்பட்டிருக்கா?" என்றாள். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்' என்பது வரைக்கும் பழமொழியை ஒப்புக்கொள்வாள். மீதியைச் சொன்னால் சிரிப்பாள். "தீர விசாரிச்சா மட்டும் உண்மையைச் சொல்லிடப் போறானாக்கும்!"

அவள் வீட்டுக்காரர் எல்லாரையும் நம்புகிறவர். ஒரு ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவரைப் பார்த்து, வந்தவர்கள் எல்லாரும் வெறும் கேஸ் ட்ரபிள் என்றார்கள். இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். அவரும் நம்பினார், அக்காவும் நம்பினாள். பொழுது விடிவதற்குள் போய்விட்டார். அதிலிருந்துதான் இவள் இப்படி ஆனாள் என்று தெருவில் சொல்வார்கள். என் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். "கல்யாணத்தன்னிக்கே தாலியை உரசிப் பாத்தவடி அவ" என்பாள்.

இப்படிப்பட்டவளின் சந்துக்குள் நான் ஒரு டேப்லெட்டையும், உச்சியில் வெள்ளைத் தொப்பி வைத்த ஜி.பி.எஸ். கம்பையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். என் வேலை அப்படி. ஊரின் குடிதண்ணீர்க் குழாய்களை எல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்றுகிற ஒப்பந்தக் கம்பெனியில் அப்போது இருந்தேன். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, வால்வு எங்கே, எந்த வீட்டு இணைப்பு எதிலிருந்து பிரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் படத்தில் குறிக்க வேண்டும். தார் மேல் தார் போட்டு வால்வுகளை எல்லாம் புதைத்துவிட்ட ஊர் எங்களுடையது. ஒரு மூடியைக் கண்டுபிடிக்கச் சில நாள் காலை முழுக்க ரோட்டைத் தட்டிக்கொண்டு நடப்பேன். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் புதையலா என்று கேட்பார்கள்.

படம் தயாரானால் லாபம் மக்களுக்குத்தான். ஒரு வீட்டில் தண்ணீர் வரவில்லை, நாற்றம் அடிக்கிறது என்று ஃபோனில் புகார் போட்டால், அந்த வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி விழும். புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்தால் கோளாறு எந்தக் குழாயில் என்று தெரியும். இதை நான் சந்து முழுக்க வீடு வீடாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு, வரி போடப் போகிறார்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அக்கா நேரடியாகவே கேட்டாள்.

"எங்க வீட்டுக் குழாய் எங்க போகுதுன்னு ஊருக்கெல்லாம் எதுக்குடி தெரியணும்?"

"ஊருக்குத் தெரியாதுக்கா. ஆபீசுக்கு மட்டும்தான்."

"ஆபீஸ்ல இருக்கறவன் ஊர்க்காரன் இல்லையா?"

எனக்குப் பொறுமை கம்மி. அன்று என்ன பதில் சொன்னேன் என்று எழுதினால் என் அம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்வீர்கள். அன்றிலிருந்து எனக்கு 'படக்காரி' என்று பெயர் வைத்துவிட்டாள். முன்வாசல் மீட்டர் வரைக்கும் விட்டாள். கொல்லைப்பக்கம் போகக் காலை எடுத்து வைத்தால் நடைவழியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "பின்னாடி ஒண்ணும் இல்லை. வாழை மரம் இருக்கு. அதையும் படம் எடுக்கணுமா?"

ஒன்றும் இல்லாத இடத்துக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் யாருக்கும் வரும், ஒட்டுவாரொட்டி. இன்னொன்றும் உறுத்தியது. எங்கள் பகுதிக்கு விடியற்காலையில்தான் தண்ணீர் திறப்பார்கள். தண்ணீர் வருகிற அதே நேரத்தில் அக்கா வீட்டில் கிரைண்டர் ஓடும். மகன் ஷார்ஜாவில். வீட்டில் அவளும் மருமகளும் மட்டும். இரண்டு பேர் வீட்டில் தினம் தினம் அப்படி என்னத்தை அரைக்கிறாள்?

மழை விட்டிருந்த ஒரு வாரம், சந்தின் மேல் சிவப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. முதலில் நாற்றம், பிறகு மஞ்சள் நிறம். அப்புறம் சந்து முனையில் சாயாக்கடை வைத்திருந்த சேட்டனின் மனைவிக்கு மஞ்சள்காமாலை வந்தது. கடைசி வீட்டில் கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கும் வந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பக்கத்துச் சந்தில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் இந்த ஒரே சந்தில், ஒரே குழாயில். அந்தக் குழாய் சந்து முனையில் சாக்கடைக்குள் இறங்கி, சாக்கடையோடு கொஞ்ச தூரம் போய்த்தான் மேலே ஏறுகிறது. யாரோ ஒரு காலத்தில் செலவு மிச்சம் என்று அப்படிப் போட்டிருக்கிறார்கள். அதைக் கம்பால் குறித்தவளே நான்தான்.

அக்காவின் மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். பாலக்காட்டுப் பெண், அதிர்ந்து பேச மாட்டாள். மாதப் பரிசோதனைக்குப் போனபோது, உங்கள் பக்கம் காமாலை இருக்கிறதாமே, கர்ப்பிணிக்கு அது வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா ஆடிப்போனாள். காய்ச்சிய தண்ணீரை மறுபடி காய்ச்சினாள். மருமகள் பல் தேய்க்கவும் அதுதான். குடிதண்ணீர் லாரி வந்தால் லாரிக்காரனை ஏணி வைத்து மேலே ஏறச் சொல்லி, மூடியைத் திறந்து காட்டினால்தான் பிடிப்பாள். ராத்திரி அந்தப் பெண் தூங்கும்போது டார்ச் அடித்து இமையைத் தூக்கிப் பார்ப்பாளாம். "பயந்து கத்திட்டேன்" என்று மருமகள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காமேல் முதல் தடவையாகப் பாசம் வந்தது.

அந்தப் பாசத்தையும் அவள் நீடிக்க விடவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் சாயாக்கடைதான் என்று கிளப்பிவிட்டாள். டம்ளர் கழுவுகிற தண்ணீர் மோசம், அவன் பெண்டாட்டிக்குத்தானே முதலில் வந்தது, யோசித்துப் பாருங்கள் என்று வாசல் வாசலாக நின்று சொன்னாள். போதாக்குறைக்கு, அவன் கொல்லையில் மோட்டார் வைத்துக் குழாயிலிருந்து நேராக இழுக்கிறான், அதனால்தான் தன் வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றாள். ஒரு வாரத்தில் கடை பெஞ்சு காலியாகிவிட்டது. சேட்டன் வெறும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். உள்ளே மனைவி படுக்கையில்.

டம்ளர் சங்கதி உளறல். ஆனால் மோட்டார் என்றதும் எனக்குள் மணி அடித்தது. குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது விரிசல் இருந்தால் நம் தண்ணீர்தான் வெளியே கசியும். மோட்டார் வைத்து இழுத்தால் குழாய்க்குள் வெறுமையாகி, வெளியே இருப்பது உள்ளே வரும். சாக்கடைக்குள் கிடக்கிற குழாய்க்குள் எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கிக் காட்டுகிற ஓர் அழுத்தமானி எங்கள் ஆபீசில் இருந்தது. அதைச் சந்து முனைப் பொதுக்குழாயில் மாட்டி விடியற்காலையில் பார்ப்பதாக முடிவு செய்தோம். முதல் நாள் சாயங்காலம், படுத்திருந்த நோயாளிகளையும் அக்காவின் மருமகளையும் தவிர எல்லாரையும் சந்தில் கூட்டி இதை விளக்கினேன். யாராவது மோட்டார் வைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று வரை கறிவேப்பிலை கடன் வாங்கியவர்கள்.

"இனி என்ன கேக்கறது? இவன்தான்" என்று அக்கா சேட்டனைக் காட்டினாள்.

"சேச்சி, ஞான் மோட்டார் வச்சிட்டில்லா. வேணமெங்கில் அகத்து கேறி நோக்கிக்கோ" என்றார் அவர். வைக்கவே இல்லை, வேண்டுமானால் உள்ளே வந்து பார்த்துக்கொள் என்று தன் வாசலைக் காட்டினார்.

"நோக்கத்தான் போறோம், நாளைக்கு. என் மருமவ வயித்துல ஒண்ணு இருக்கு. அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன் கடையில நெருப்பு வெப்பேன், கேட்டியா?"

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் அக்கா முனையில் நின்றிருந்தாள். தலையில் துண்டு, கையில் டார்ச். முதல் தடவையாக அவள் வீட்டில் கிரைண்டர் சத்தம் இல்லை. நான் அதைக் கவனித்தேன். ஆனால் எல்லாரும் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்ததால் அதன் பின்னால் யோசனை போகவில்லை. தண்ணீர் வந்தது. முள் மேலே ஏறி ஓரிடத்தில் நின்றது. ஆடவில்லை. நேரம் போயிற்று. நல்ல தண்ணீர், நல்ல அழுத்தம். சேட்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பயந்துபோய் இன்னிக்குப் போடலை" என்றாள் அக்கா.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, முள் தடதடவென்று ஆடிக் கீழே விழுந்தது. பூஜ்யத்தைத் தாண்டி இறங்கியது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, உள்ளே காற்றை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"பாத்தியா! பாத்தியா! பெண்டாட்டி கையால போடச் சொல்லிட்டு இங்க வந்து நிக்கறான்!"

சேட்டனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அவர் வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னால் நாங்கள் எல்லாரும். கொல்லையில் ஒரு குழாய், அதன் கீழே ஒரு நீல வாளி. அவ்வளவுதான். மோட்டார் வைத்த தடயம்கூட இல்லை. உள் அறையில் அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கண்ணெல்லாம் மஞ்சள். இத்தனை பேர் ஏன் வந்திருக்கிறோம் என்று புரியாமல் தலையில் மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்குப் பூமியில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அப்போது வாசலில் மருமகளின் குரல் கேட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்திருந்தாள்.

"அத்தே, இங்கயா இருக்கீங்க? இன்னிக்கு மோட்டார் போட மறந்துட்டீங்க. டாங்கில தண்ணி இல்லை. நானே போட்டுட்டேன்."

சேட்டன்கூடத் திட்டவில்லை. "என்டே சேச்சீ..." என்று மட்டும் சொன்னார். அக்கா அவர் கையை அப்போதுதான் விட்டாள்.

அன்று கொல்லைப்பக்கம் போக எனக்கு வழி கிடைத்தது. அக்காவே, "வா" என்று முன்னால் நடந்தாள். வாழை மரம் இருந்தது உண்மைதான். அதன் நிழலில் கவிழ்த்துப் போட்ட சிமெண்ட் தொட்டி, மேலே சாக்கு, உள்ளே சின்ன மோட்டார். பக்கத்து மேடையில் கிரைண்டர். அதில் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. சத்தத்துக்குச் சத்தமாக வெறும் தண்ணீரில் கல் சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் தினமும் பார்த்த வழக்கத்தில் இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறாள், பாவம். முனையில் எங்கள் கூச்சலில் அந்தச் சத்தம் காதில் விழவில்லை. அக்கா இரண்டையும் அணைத்தாள்.

"அவன் வெச்சிருக்கான்னுதான் நான் வெச்சேன்."

"அவர் வீட்டுல மோட்டாரே இல்லைக்கா! சந்துலயே யார் வீட்டுலயும் இல்லை!" என்று கத்தினேன்.

"நீ சொன்னா நான் நம்பணுமா?" என்றாள். பழக்கதோஷம். சொன்னதும் அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். வாழை மரத்தடியில், ஈரத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யாருமே வைக்காத மோட்டாருக்குப் பயந்து ஒருத்தி மோட்டார் வைத்தாள். அந்த மோட்டார் சாக்கடையை இழுத்துச் சந்துக்கே ஊட்டியது. எனக்கு அவள்மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் பிடிபடவில்லை. அன்று காலை அவள் ஏன் மோட்டாரைப் போடவில்லை? எங்களிடமிருந்து மறைக்கவா? அல்லது முதல் நாள் நான் விளக்கியதைக் கேட்டு ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு யோசித்ததில், தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டதா? அப்படி வந்திருந்தால், சேட்டனின் கையைப் பிடித்து இழுத்தது என்ன மனசு? கேட்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். கேட்டால் அவள் சொல்வதை நான் நம்ப மாட்டேன் என்பதால் கேட்கவில்லை.

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க அன்றைக்கே ஓடினோம். முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சிலும் உட்காரவில்லை. என்னைத் தூணோரம் இழுத்துக்கொண்டு போய், "உன் படத்துல என் வீட்டுமேல சிவப்பு வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். வைக்க வேண்டிய இடத்தில் வைப்பார்கள், குழாயில் நேரடி மோட்டார் என்று எழுதுவார்கள் என்றேன். சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். "வை. பெருசா வை" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் செத்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை என்று என் அம்மா பிறகு சொன்னாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தை அவள் மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

அடுத்த வாரங்களில் குழாயைச் சாக்கடையிலிருந்து எடுத்துச் சுவரோரமாகப் போட்டார்கள். எங்கே வெட்டுவது, எந்த வால்வை அடைப்பது என்று தேடி ரோட்டைக் குதறவில்லை. படத்தைப் பார்த்து நேராக வந்து வேலையை முடித்தார்கள். என் தொழிலில் நான் பெருமைப்பட்ட சில நாட்களில் அது ஒன்று. அக்கா முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயையும் கண்ணருகே பிடித்து அதன் வழியாக வானத்தைப் பார்த்த பிறகுதான் இறக்க விட்டாள்.

சேட்டனின் மனைவி தேறி எழுந்த பிறகு அக்கா ஒரு காலையில் சாயாக்கடைக்குப் போனாள். வெளியில் ஒரு வாய் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், பெஞ்சில் உட்கார்ந்து சாயா கேட்டாள். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. "சாயா தீர்ந்நு போயி சேச்சி" என்றார் சேட்டன், முகத்தைப் பார்க்காமல். அவள் எழுந்து வந்துவிட்டாள். மறுநாளும் போனாள், அதன் பிறகும் போனாள். எப்போது கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது அவள் கையில் கண்ணாடி டம்ளர் இருந்தது.

இப்போது அக்கா இடப்பள்ளியில், மகன் வாங்கிய ஃபிளாட்டில் இருக்கிறாள். லிஃப்டை நம்பாமல் படியேறியே முட்டி போய்விட்டதாம். நான் அவளை மட்டாஞ்சேரி வீட்டில் கடைசியாகப் பார்த்தது, மருமகள் பாலக்காட்டில் பிரசவம் முடிந்து குழந்தையோடு திரும்பி வந்த நாளில்.

குழந்தையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். வெயிலில் பஸ்ஸில் வந்த களைப்பில் அந்தப் பெண் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. அக்கா உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். அவள் வாங்கினாள். வாங்கினவள் குடிக்கவில்லை.

"இது எந்தத் தண்ணி அத்தே?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள், கேட்டாள். அவ்வளவுதான். எனக்குத்தான் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பைப்புத் தண்ணிதான். காய்ச்சினேன். ரெண்டு தடவை."

"சரி அத்தே" என்றாள். அப்போதும் குடிக்கவில்லை. சொம்பைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

அக்கா குனிந்து சொம்பை எடுத்து, அண்ணாந்து, பாதித் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். மருமகளுக்குச் சங்கடமாகிவிட்டது. "ஐயோ, அதுக்கில்லை அத்தே, குடுங்க" என்று அவசரமாகக் கையை நீட்டினாள்.

அக்கா கொடுக்கவில்லை. சொம்பைப் புடவைத் தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இரு. அவசரப்படாதே. சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அப்புறம் குடி" என்றாள்.